காற்றை அளந்தவர்



அரிசிக் கடைக்குச் செல்கிறோம். கடைக்காரர் படியைக் குவித்து அளக்கிறாரா, தலை தட்டி அளக்கிறாரா என்று கூர்ந்து நோக்குகிறோம். எடைக்கற்களில் அரசாங்க முத்திரை இருக்கிறதா என்று பார்க்கிறோம். ஒரு கைப்பிடி அரிசி குறைந்தாலும் நமக்குப் பொறுப்பதில்லை. ஆனால், ஒரு நாளைக்குப் பத்தாயிரம் லிட்டருக்கும் மேலாக நாம் உள்ளிழுக்கும் காற்று இருக்கிறதே, அதை அளந்து, இது தக்கது, இது தகாதது என்று சொல்பவர் யார்? அவருடைய படிக்கு முத்திரை இட்டவர் யார்? அந்தப் படி சரியான படிதானா? இக்கேள்விகளை நம்மில் பலர் எழுப்புவதே இல்லை.

இன்று உலகின் பல நாடுகளில் சுற்றுச்சூழல் ஆலோசகர் என்றும், எரிபொருள் ஒழுங்குமுறை நிபுணர் என்றும் அழைக்கப்படுவோர் இருக்கின்றனர். ஆலையின் புகைபோக்கியிலிருந்து வெளியேறுவது என்ன, மின்நிலையம் எரிக்கும் நிலக்கரியில் கந்தகம் எவ்வளவு, அதற்குச் சட்டம் வகுத்த வரம்பு யாது, அவ்வரம்பு போதுமானதா என்பவற்றை ஆராய்வது இவர்கள் தொழில். விஞ்ஞானமும் சட்டமும் கைகோத்துச் செல்லும் தொழில் இது. கல்லூரியில் இரசாயனமோ பொருளாதாரமோ சட்டமோ பயிலும் உங்களுள் சிலர் நாளை இத்தொழிலை மேற்கொள்ளக்கூடும். ஆகையால், இத்துறையில் முன்னோடியாக நின்ற ஒருவருடைய வாழ்க்கையை இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன். அவர் பெயர் ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித். அவர் வாழ்ந்த காலம் பத்தொன்பதாம் நூற்றாண்டு. பணிபுரிந்த நாடு இங்கிலாந்து.

ஸ்மித் 1817-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரை அடுத்த போலக்ஷாஸ் என்னும் ஊரில் பிறந்தார். சமயப் பற்று மிக்க குடும்பம் அவருடையது. மகன் மதகுருவாக வேண்டும் என்பது பெற்றோரின் எண்ணம். அதற்கென்றே கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஆயினும் பட்டம் பெறாமலே அதைவிட்டு நீங்கினார். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்து வந்த அவரை, அப்பணியே ஜெர்மனிக்கு இட்டுச் சென்றது. அங்கே கீசன் நகரில் லீபிக் என்னும் பேரறிஞர் இரசாயனம் கற்பித்துவந்தார். நாடு பலவற்றிலிருந்தும் இளைஞர் அவருடைய ஆய்வுக்கூடத்தை நாடி வந்தனர். நிறுவையும் அளவையுமே இரசாயனத்தின் உயிர் என்பதை அக்கூடத்தில்தான் ஸ்மித் கற்றார். 1841-இல் டாக்டர் பட்டம் பெற்று நாடு திரும்பினார்.

அடுத்து அவர் வந்து சேர்ந்த இடம் மான்செஸ்டர். பஞ்சாலைகளின் தலைநகர் என்று அந்நாளில் புகழ்பெற்றிருந்த ஊர் அது. வானை முட்டும் புகைபோக்கிகள் இரவும் பகலும் கரும்புகை கக்கின. அவ்வூரில் லயன் பிளேஃபேர் என்னும் இரசாயன அறிஞருக்கு உதவியாளராக ஸ்மித் அமர்ந்தார். பெருநகரங்களின் சுகாதார நிலையை ஆராய அரசாங்கம் அமைத்த குழுவில் பிளேஃபேர் பணியாற்றிக்கொண்டிருந்தார். அவரோடு சேர்ந்து குறுகிய சந்துகளையும், சாக்கடை ஓரத்துக் குடியிருப்புகளையும், தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த இருட்டறைகளையும் ஸ்மித் கண்டார். கண்ட காட்சி அவர் உள்ளத்தில் பதிந்தது. மதகுருவாகி மக்களுக்குச் செய்ய நினைத்த தொண்டை இரசாயனத்தின் வாயிலாகச் செய்யலாம் என்று அவர் கருதியிருந்தால் அதில் வியப்பில்லை. பிளேஃபேர் அவ்வூரைவிட்டு அகன்ற பின்னரும் ஸ்மித் அங்கேயே தங்கி, ஆலோசனை கூறும் இரசாயன நிபுணராகத் தொழில் நடத்தினார்.

ஆலோசகர் என்றால் என்ன செய்வார்? சாய ஆலைக்காரர் ஒருவர் வருவார். தம் நீரைச் சோதித்துத் தரச் சொல்வார். நகரசபையார் வருவார்கள்; குடிநீர் தக்கதா என்று கேட்பார்கள். கேட்டவருக்கு விடை சொல்லிக் கூலி பெறுவார். ஆனால் ஒருவரும் கேளாத ஒரு கேள்வியை ஸ்மித் தமக்குத் தாமே கேட்டுக்கொண்டார். இவ்வூர் மழைநீரில் என்ன இருக்கிறது என்பதே அக்கேள்வி. மான்செஸ்டரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் மழைநீரைச் சேகரித்துச் சோதித்து, 1852-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். நகரத்திற்கு அப்பாலுள்ள வயல்வெளிகளில் ஒருவகைக் காற்று; புறநகரில் வேறொரு வகைக் காற்று; நகரின் நடுவிலோ கந்தக அமிலம் கலந்த காற்று. இவ்வாறு ஊரின் காற்றை மூன்றாகப் பிரித்துக் காட்டினார். அமிலம் கலந்த மழையால் துணிகளின் வண்ணம் மங்குவதையும் உலோகம் அரிபடுவதையும் எடுத்துரைத்தார். காற்று கெட்டுவிட்டது என்று எல்லாரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள். எந்த இடத்தில், எதனால் கெட்டது என்று சோதனைக் குழாயைக் காட்டிச் சொன்னவர் அவர்.

இந்தக் கட்டத்தில் அவருக்கு ஒரு சோதனை எதிர்ப்பட்டது. ஆலைப் புகையால் பயிர் கருகிவிட்டது என்று நிலக்கிழார் வழக்குத் தொடுப்பார். கருகவில்லை என்று ஆலைக்காரர் எதிர்வாதம் செய்வார். இரு தரப்பாரும் தத்தமக்கு ஓர் இரசாயன நிபுணரைக் கூலிக்கு அமர்த்திக்கொள்வார்கள். ஒரே புகையைப் பற்றி ஒருவர் நஞ்சு என்பார். மற்றவர் தீங்கற்றது என்பார். இருவரும் கற்றவர்கள், இருவரும் சத்தியப் பிரமாணம் செய்தவர்கள். கேட்டுக்கொண்டிருக்கும் நீதிபதியும் பொதுமக்களும் என்ன நினைப்பார்கள்? விஞ்ஞானம் என்பது பணம் கொடுத்தவர் பக்கம் சாயும் தராசு என்றுதானே நினைப்பார்கள்? இந்நிலை ஸ்மித்துக்கு உறுத்தியது. நீதிமன்றங்களில் விஞ்ஞானம் படும் பாட்டைப் பற்றி 1860-இல் ஒரு கட்டுரை எழுதினார். விஞ்ஞானி ஒரு கட்சிக்காரரின் ஆளாக நிற்கலாகாது; நீதிமன்றத்திற்குத் துணைவராக நின்று உண்மையை விளக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. நம் வள்ளுவர் நடுவுநிலைமைக்கென்று ஓர் அதிகாரமே வகுத்தார். தராசு பிடிப்பவனுக்கு அப்பண்பு எவ்வளவு இன்றியமையாதது என்பதை ஸ்மித் தம் தொழிலின் வழியே உணர்ந்தார் எனலாம்.

இனி, அவருக்குப் பெரும்பணியைத் தந்த சூழ்நிலையைப் பார்ப்போம். சோப்புக்கும் கண்ணாடிக்கும் துணி வெளுக்கவும் இன்றியமையாத பொருள் சோடா உப்பு. பிரான்சு நாட்டு லெபிளாங் என்பவர் 1791-இல் உரிமை பெற்ற முறைப்படி, சாதாரண உப்பிலிருந்து அதைத் தயாரித்தார்கள். முதற்படியாக உப்பின்மீது கந்தக அமிலத்தை ஊற்றிச் சூடேற்றுவார்கள். அப்போது ஹைட்ரோகுளோரிக் அமில வாயு எழும். நீங்கள் இரசாயனச் சமன்பாட்டை எழுதிக் கணக்கிட்டால், நூறு கிலோ உப்பிலிருந்து ஏறத்தாழ 62 கிலோ அமில வாயு பிறப்பதைக் காண்பீர்கள். அந்நாளில் அவ்வாயுவை வேண்டுவார் மிகச் சிலரே. ஆகவே அதைப் புகைபோக்கி வழியே வானில் விட்டார்கள். செயிண்ட் ஹெலன்ஸ், விட்னஸ் முதலிய ஊர்களைச் சுற்றி மரங்கள் பட்டுப்போயின, வேலிச் செடிகள் கருகின, இரும்புக் கருவிகள் துருப்பிடித்தன, மக்கள் இருமினார்கள்.

பாதிக்கப்பட்டவர் வழக்குத் தொடுக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். தொடுத்தார்கள். ஆனால் ஓர் ஊரில் பல ஆலைகள் இருந்தால், என் தோட்டத்தை எரித்த வாயு எந்தப் புகைபோக்கியிலிருந்து வந்தது என்று மெய்ப்பிப்பது எவ்வாறு? அன்றியும் வழக்காடப் பணம் வேண்டும். ஏழைக்கு அது ஏது? ஆலைக்காரர் சிலர் புகைபோக்கியை இன்னும் உயர்த்திக் கட்டினார்கள். அதனால் வாயு குறையவில்லை. அடுத்த ஊருக்குச் சென்றது. இந்த உயர்ந்த புகைபோக்கியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நூறு ஆண்டுகளுக்குப் பிறகு அதை மீண்டும் சந்திக்கப் போகிறோம்.

பரிகாரம் இல்லாமற் போகவில்லை. வில்லியம் காசேஜ் என்னும் தொழிலதிபர் 1836-இலேயே ஒரு கோபுரத்தை அமைத்திருந்தார். கோபுரத்தை நிரப்புபொருள்களால் நிரப்பி, மேலிருந்து நீரைச் சிறுகச் சிறுக வடியவிட்டு, கீழிருந்து வாயுவை ஏற்றினார். அவ்வாயு நீரில் எளிதில் கரையும் இயல்புடையது. ஆகவே மேலே சென்று சேரும்போது பெரும்பகுதி கரைந்து மறைந்துவிடும். வழி தெரிந்திருந்தும் எல்லா ஆலைகளும் அதைக் கைக்கொள்ளவில்லை. கைக்கொண்ட சிலரும் ஒழுங்காக நடத்தவில்லை. செலவு செய்பவன் நான், செய்யாதவன் என் போட்டிக்காரன் என்றால், நல்லவன்தானே நஷ்டப்படுவான்? இத்தகைய இடத்தில்தான் பொதுச் சட்டம் தேவையாகிறது.

செயிண்ட் ஹெலன்ஸுக்கு அண்மையில் நோஸ்லி என்னுமிடத்தில் டார்பி பிரபுவின் பண்ணை இருந்தது. அவர் முன்பே பிரதமராக இருந்தவர். அவருடைய முயற்சியால் 1862-இல் பிரபுக்கள் சபை ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. அதன் பயனாக 1863-இல் ஆல்கலிச் சட்டம் பிறந்தது. சோடா ஆலை ஒவ்வொன்றும் தன்னிடம் பிறக்கும் ஹைட்ரோகுளோரிக் அமில வாயுவில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கையாவது அடக்கிவிட வேண்டும் என்பது அச்சட்டத்தின் கட்டளை. அதை நடைமுறைப்படுத்த ஒரு தலைமை ஆய்வாளரும் நான்கு துணை ஆய்வாளரும் நியமிக்கப்பட்டனர். தலைமை ஆய்வாளர் பதவி ஸ்மித்தைத் தேடி வந்தது. உள்ளூர்ச் சபைகளை நம்பியிராமல், நாடு முழுவதற்குமாக விஞ்ஞானிகளைக்கொண்டு ஆலைகளைக் கண்காணிக்கும் ஏற்பாடு பிரிட்டனில் அதுவே முதலாவது.

சட்டம் எழுதுவது எளிது. தொண்ணூற்றைந்து பங்கு அடங்கியதா என்று எப்படி அறிவது? சுடச்சுடப் பாய்ந்து செல்லும் புகையை யார் பிடித்து நிறுப்பது? புகைபோக்கியின் பக்கத்தில் ஒரு துளையிட்டு, காற்றிழுக்கும் கருவியைப் பொருத்தி, குறித்த அளவு வாயுவை நீரினூடே இழுத்தார்கள். அந்நீரில் வெள்ளி நைட்ரேட் கரைசலைச் சேர்த்தால் வெண்மையான வீழ்படிவு தோன்றும். அதன் அளவிலிருந்து அமிலத்தின் அளவைக் கணக்கிடலாம். ஆனால் புகைபோக்கியில் வாயு எவ்வளவு வேகத்தில் செல்கிறது என்று தெரியாவிடில் மொத்தக் கணக்கு வராது. அதற்கென ஆல்பிரட் ஃபிளெச்சர் என்னும் துணை ஆய்வாளர் ஒரு வேகமானியை அமைத்தார். இவ்வாறு சட்டத்தின் ஒரு வரிக்குப் பொருள் உண்டாக்குவதற்கே பல கருவிகளும் பல நாள் உழைப்பும் தேவைப்பட்டன. கருவி இல்லாத சட்டம் படி இல்லாத கடை போன்றது.

தொடக்கத்தில் வெற்றி வியக்கத்தக்கதாக இருந்தது. பெரும்பாலான ஆலைகள் சட்டம் கேட்டதற்கும் மேலாகவே வாயுவை அடக்கின. இதில் ஸ்மித் கையாண்ட முறை கவனிக்கத்தக்கது. அவர் ஆலைக்குள் காவற்காரரைப்போல நுழையவில்லை, மருத்துவரைப்போல நுழைந்தார். எங்கே வாயு கசிகிறது, கோபுரத்தில் நீர் ஏன் போதவில்லை என்று காட்டிக்கொடுத்தார். ஓர் ஆலையில் கண்ட நல்ல ஏற்பாட்டை மற்றோர் ஆலையும் அறியச் செய்தார். வழக்குமன்றத்திற்கு இழுத்தது மிகச் சிலரையே. ஆய்வாளரைக் கண்டு ஆலைக்காரர் கதவடைத்தால், எண்ணிக்கையில் ஐவரே உள்ள குழுவால் நாடு முழுவதையும் காக்க இயலாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

இம்முறையை எல்லாரும் பாராட்டவில்லை. ஆலைக்காரரோடு நட்புப் பூண்டவர் எப்படி நடுவராக இருக்க முடியும் என்று குறைகூறினார்கள். இருமிக்கொண்டிருப்பவனுக்கு உங்கள் மென்மையால் என்ன பயன் என்று கேட்டார்கள். நண்பர்களே, இக்குற்றச்சாட்டை எளிதில் தள்ளிவிட முடியாது. ஒரு பக்கம் ஆலையை நம்பி வாழும் ஆயிரக்கணக்கான தொழிலாளர் குடும்பங்கள். மற்றொரு பக்கம் அதே ஆலையின் நிழலில் மூச்சுவிடும் மக்கள். பல இடங்களில் இரு சாராரும் ஒருவரே. கடுமை காட்டினால் பிழைப்புக் கெடும். கனிவு காட்டினால் உடல்நலம் கெடும். இந்த இழுபறியில் நின்று தீர்ப்புச் சொல்வதுதான் ஒழுங்குமுறை நிபுணரின் வேலை. ஸ்மித் கனிவின் பக்கம் சற்று மிகுதியாகச் சாய்ந்தார் என்று வாதிப்பவர் இன்றும் உண்டு.

ஆண்டுகள் சென்றன. தொண்ணூற்றைந்து பங்கு அடங்கியும் மரங்கள் தழைக்கவில்லை. மக்களின் முறையீடும் ஓயவில்லை. ஏன்? இதற்கு விடை ஓர் எளிய கணக்கில் இருக்கிறது. ஓர் ஆலை முன்பு நூறு பங்கு வாயுவை வெளியிட்டது என்று வைத்துக்கொள்வோம். சட்டம் வந்தபின் ஐந்து பங்கே வெளியிடுகிறது. நல்லது. அதே ஊரில் அத்தகைய ஆலைகள் இருபது எழுந்தால் என்னாகும்? இருபது ஐந்து நூறு. ஒவ்வோர் ஆலையும் சட்டத்திற்கு அடங்கியதே. ஊரோ பழைய நிலைக்கே வந்துவிட்டது! ஆலையைப் பார்த்து அளந்த படி, ஊரின் மூச்சை அளக்கவில்லை. அன்றியும், கந்தக வாயுக்கள், குளோரின் முதலியவற்றைச் சட்டம் தொடவே இல்லை.

தம் கையிலுள்ள படி போதாது என்பதை ஸ்மித் மறைக்கவில்லை. ஆண்டறிக்கைகளில் குறைகளை எடுத்துக்காட்டினார். அவற்றின் பயனாக 1874-இல் திருத்தச் சட்டம் வந்தது. புகைபோக்கியிலிருந்து செல்லும் காற்றில் ஒரு கன அடிக்கு ஐந்தில் ஒரு கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 13 மில்லிகிராமுக்குமேல் அந்த அமிலம் இருத்தலாகாது என்று அது விதித்தது. பழைய தொண்ணூற்றைந்து பங்கு விதியும் கூடவே நின்றது. வேறு நச்சு வாயுக்களுக்கு எண் எதையும் குறிக்காமல், நடைமுறையில் இயன்ற மிகச் சிறந்த வழியைக் கையாள வேண்டும் என்று கட்டளையிட்டது. இச்சொற்றொடர் பின்னர் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக பிரிட்டனின் காற்றுச் சட்டத்திற்கு முதுகெலும்பாக விளங்கிற்று. அதில் நன்மை உண்டு. நாளைக்கு நல்ல கருவி தோன்றினால் நாளைக்கே அதைக் கேட்கலாம். தீமையும் உண்டு, எது இயன்றது என்று முடிவு கட்டுவது ஆய்வாளரும் ஆலைக்காரரும் மூடிய அறையில் பேசும் பேச்சாக முடியலாம்.

இன்னொரு பாடமும் அந்நாளிலேயே கிடைத்தது. கோபுரத்தில் நீரில் கரைந்த அமிலம் எங்கே சென்றது? விற்றது போக எஞ்சியது ஓடைகளில் சென்றது. செயிண்ட் ஹெலன்ஸ் வழியே ஓடிய சாங்கி ஓடையில் அந்த அமிலம், சோடா ஆலைகளின் கந்தகக் கழிவோடு கலந்து, அழுகிய முட்டை நாற்றமுடைய வாயுவை எழுப்பியது. காற்றைக் காக்கப் போட்ட சட்டம் நீரைக் கெடுத்தது! ஒரு வாயிலை அடைத்தால் அழுக்கு மறு வாயிலைத் தேடும். ஆறுகளைக் காக்க 1876-இல் தனிச் சட்டம் வந்தது. அதன்கீழும் ஸ்மித் ஆய்வாளராகப் பணியாற்றினார்.

இனி அவருடைய புகழ்பெற்ற நூலுக்கு வருவோம். 1872-இல் காற்றும் மழையும் என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு பெருநூலை வெளியிட்டார். நாட்டின் பல பகுதிகளிலும் பெய்த மழையைச் சோதித்த முடிவுகள் அதில் நிரம்பியிருந்தன. இன்று பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த அமில மழை என்னும் தொடரை ஆங்கில உலகம் அந்நூலிலிருந்தே பெற்றது. அம்மழைக்குப் பெருங்காரணம் சோடா ஆலை அன்று, நிலக்கரி. நிலக்கரியில் நூற்றுக்கு ஒரு பங்கு கந்தகம் இருந்தால், ஒரு டன் எரிக்கும்போது பத்துக் கிலோ கந்தகம் எரிந்து இருபது கிலோ கந்தக டையாக்சைடு ஆகிறது. அது காற்றிலும் ஈரத்திலும் மாறுதலடைந்து கந்தக அமிலமாக மழையில் இறங்குகிறது. ஆலைக் கொதிகலனும், இரயில் எஞ்சினும், ஒவ்வொரு வீட்டுக் கணப்பு அடுப்பும் அவ்வேலையைச் செய்துகொண்டிருந்தன.

ஆயினும் ஆல்கலிச் சட்டம் நிலக்கரிப் புகையை ஆய்வாளரின் கைக்கு அப்பால் வைத்திருந்தது. நாட்டின் எஞ்சின்களை இயக்கிய உயிர்ப்பொருளாயிற்றே நிலக்கரி! அதன்மீது கை வைக்கப் பாராளுமன்றம் துணியவில்லை. கரும்புகையைப் பற்றிய அதிகாரம் உள்ளூர்ச் சபைகளிடம் தளர்ந்து கிடந்தது. ஆகவே, நாட்டின் காற்றை நன்கு அறிந்த மனிதர், தாம் அறிந்தவற்றுள் ஒரு சிறு பகுதியை மட்டுமே ஆளும் அதிகாரம் பெற்றிருந்தார். பெரிய நோயை ஏட்டில் எழுதினார். சிறிய நோய்க்கு மருந்து கொடுத்தார். 1881-இல் சட்டம் மேலும் பல ஆலைகளுக்கு விரிவடைவதைக் கண்டார். 1884-இல் வேல்ஸ் நாட்டுக் கடற்கரை ஊராகிய கோல்வின் பேயில் காலமானார். வேகமானி செய்த ஃபிளெச்சர் அவருக்குப்பின் தலைமை ஆய்வாளரானார்.

நூல் எழுதப்பெற்று எண்பது ஆண்டுகள் கழிந்தன. 1952-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 5-ஆம் தேதி லண்டன் மாநகர்மீது மூடுபனி கவிந்தது. காற்று அசையவில்லை. லட்சக்கணக்கான அடுப்புகளின் நிலக்கரிப் புகையும் மின்நிலையங்களின் கந்தக வாயுவும் அப்பனியில் சிக்கி நகரத்தின்மேலேயே தேங்கின. ஐந்து நாட்களில் நேர்ந்த கேட்டினால் ஏறத்தாழ நாலாயிரம் பேர் மாண்டனர் என்று அந்நாளில் கணக்கிட்டனர். பின்வந்த ஆராய்ச்சியாளர் பன்னிரண்டாயிரம் வரை இருக்கலாம் என்றனர். அதன் பிறகே 1956-இல் தூய காற்றுச் சட்டம் பிறந்தது. 1958-இல் மின்நிலையங்களும் ஸ்மித்தின் வழிவந்த ஆய்வாளரின் பார்வைக்குள் கொண்டுவரப்பட்டன. ஏட்டில் இருந்த உண்மை சட்டமாவதற்கு எத்தனை உயிர்களை விலையாகக் கொடுக்க வேண்டியிருந்தது, பாருங்கள்!

அப்போதுதான் நம் பழைய நண்பனாகிய உயர்ந்த புகைபோக்கி மீண்டும் வந்தது. மின்நிலையங்களின் புகைபோக்கிகளை மிக உயரமாகக் கட்டினார்கள். அருகிலிருந்த ஊர்கள் மூச்சுவிட்டன. ஆனால் கந்தகம் மறையவில்லை, கடல் கடந்தது. 1967-இல் ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி ஸ்வாந்தே ஓதேன், தம் நாட்டு மழை அமிலமாகி வருவதையும், அதற்குப் பிற நாடுகளின் புகையும் காரணமாவதையும் எடுத்துக்காட்டினார். ஏரிகளில் மீன்கள் அருகிவந்தன. 1972-இல் ஸ்டாக்ஹோமில் ஐக்கிய நாடுகள் கூட்டிய மனிதச் சுற்றுச்சூழல் மாநாட்டில் ஸ்வீடன் இதையே தன் முறையீடாக வைத்தது. 1979-இல் ஜெனீவாவில் நாடுகள் எல்லை தாண்டும் காற்று மாசு பற்றி உடன்படிக்கை செய்துகொண்டன.

ஸ்டாக்ஹோம் மாநாட்டிற்கும் நமக்கும் தொடர்பு உண்டு. நம் நாட்டில் 1981-இல் இயற்றப்பட்ட காற்று மாசுத் தடுப்புச் சட்டம், தன் முகவுரையிலேயே அம்மாநாட்டின் முடிவுகளைச் சுட்டுகிறது. அச்சட்டத்தின் கீழ் மாநில வாரியத்தின் அலுவலர் இன்று ஓர் ஆலையின் புகைபோக்கியில் கருவியைப் பொருத்தும்போது, மான்செஸ்டரில் மழைநீர் ஏந்திய மனிதருக்கு அவரும் ஒரு வகையில் வழித்தோன்றலே ஆவார்.

நிலக்கரியால் உலகை ஆண்ட பிரிட்டன், 2024-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் தேதி தன் கடைசி நிலக்கரி மின்நிலையத்தை மூடிவிட்டது. ஸ்மித்தின் நூல் வெளிவந்து 152 ஆண்டுகள் ஆகியிருந்தன. நம் நாட்டிலோ நிலக்கரி இன்னும் பெருமளவில் எரிந்துகொண்டிருக்கிறது. அதை எவ்வாறு, எவ்வளவு காலம், எந்த வரம்புக்குள் எரிப்பது என்னும் கேள்விக்கு விடை காணும் பொறுப்பு உங்கள் தலைமுறையின் தோளில்தான் விழப்போகிறது.

அப்பொறுப்பை ஏற்கப்போகும் மாணவர்க்கு ஸ்மித்தின் வாழ்க்கை கூறுவது என்ன? முதலாவது, அளக்காமல் பேசாதீர்கள். ஆலையைத் திட்டுவதும் எளிது, ஆலையைப் புகழ்வதும் எளிது. துளையிட்டுக் குழாய் பொருத்தி அளப்பதுதான் கடினம். இரண்டாவது, கூலி எவரிடம் பெற்றாலும் எண்ணை விற்காதீர்கள். ஆலோசகனுக்கு முதலீடு அவன் சொல்லின்மீது பிறர் வைக்கும் நம்பிக்கை ஒன்றே. மூன்றாவது, உங்கள் படியையே அவ்வப்போது ஐயுறுங்கள். தொண்ணூற்றைந்து பங்கு என்னும் படி ஆலையை அளந்தது, ஊரை அளக்கவில்லை. உயர்ந்த புகைபோக்கி ஊரைக் காத்தது, அயல்நாட்டைக் காக்கவில்லை. எந்த அளவும் யாரோ ஒருவரைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடக்கூடும். அந்த ஒருவர் யார் என்று கேட்பவனே நல்ல ஒழுங்குமுறையாளன்.

அடுத்த முறை மழை பெய்யும்போது, ஒரு கண்ணாடிக் குவளையைத் திறந்த வெளியில் வையுங்கள். சேர்ந்த நீரில் உங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்து லிட்மஸ் தாளை நனைத்துப் பாருங்கள். தூய மழையும் சிறிது அமிலத்தன்மை உடையதே. ஆகவே ஒரு நாள் பார்த்து முடிவு கட்டிவிடாதீர்கள். பல நாள் பாருங்கள். பல இடத்தில் பாருங்கள். கண்டதைத் தேதியிட்டுக் குறித்து வையுங்கள். ஸ்மித்தும் அப்படித்தான் தொடங்கினார்.